இனிப்புக் கருவாடு

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் ஓர் அறையில் நாங்கள் நால்வர் இருந்தோம். மந்தக் காலம் வந்தது. ஆள் குறைப்பு என்று சொல்லி மூன்று பேரை ஒரே மாதத்தில் ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். நான் மட்டும் மிஞ்சினேன். அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். நாலு பேர் படுத்த அறையில் ஒற்றைப் பாயை எந்த மூலையில் விரிப்பது என்று தெரியாமல் நின்றான் அந்த அதிர்ஷ்டக்காரன்.

சமையல், பாசார் எல்லாம் எங்களில் மூத்தவர் பார்த்துக்கொண்டது. "தம்பி, தம்பி" என்று உட்கார வைத்தே என்னைக் கெடுத்துவிட்டிருந்தார். வேலையிடத்துச் சொற்கள் நாலைந்துக்கு மேல் எனக்கு மலாய் தெரியாது. வயிறு கேட்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே பாசாருக்குப் புறப்பட்டேன்.

கிள்ளானிலிருந்து ரயிலில் கருவாடு கொண்டுவரும் மலாய்க்கார அம்மாள் ஒருத்தி அங்கே ஓரமாகக் கடை விரித்திருப்பாள். நெத்திலி ஒரு குவியல், சுறாத் துண்டம் ஒரு குவியல், உப்புப் பூத்த வாளை பாயின் நீளத்துக்கு. கருவாட்டுக்கு மலாயில் இக்கான் மாசின், அதாவது உப்பு மீன். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் முன்னால் நின்றதும் நாக்கு புரண்டுவிட்டது.

"இக்கான் மானிஸ்," என்றேன்.

மானிஸ் என்றால் இனிப்பு. அம்மாள் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். விரலால் சர்க்கரை தொட்டு நக்குவதுபோல் ஜாடை காட்டி, வாளையை வாலைப் பிடித்துத் தூக்கி, மறுபடி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. "தம்பி மானிஸ்!" என்று அங்கேயே எனக்குப் பெயரும் வைத்துவிட்டாள்.

தமிழனைக் கண்டால் தம்பி என்று கூப்பிடுவது மலாய்க்காரர் வழக்கம்தான். அதில் தனிப் பாசம் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மூவரும் போன பிறகு என்னை ஒருவர் தம்பி என்றது அன்றுதான்.

அடுத்த ஞாயிறும் மானிஸ் என்றேன். வேண்டுமென்றேதான். வாரம் முழுக்க ஒருவரும் என்னிடம் சிரித்துப் பேசாத நாட்கள் அவை. இரண்டு எழுத்தை இடம் மாற்றினால் ஒரு சிரிப்பு கிடைக்கிறதென்றால் எனக்கென்ன வெட்கம்? தின்று தீராத கருவாடு அறையில் சேர்ந்துகொண்டே போயிற்று. நானும் வாரம் தவறாமல் போனேன்.

ஒரு நாள் பக்கத்தில் நின்ற தமிழர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. சட்டை மடிப்புக் கலையாத மனிதர்.

"என்னாண்ணே, மானிஸ்னா இனிப்பு லா. மாசின்னு சொல்லுங்க. நம்ம ஆளுங்க மானம் போவுது."

அதோடு விட்டாரா? நான் சரியாகச் சொல்லும்வரை நகரமாட்டேன் என்று நின்றார். அம்மாள் தராசைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அவள் உதட்டில் தயாராக இருந்தது. எனக்கு வராத வெட்கம் அன்று வந்து தொலைத்தது.

"இக்கான் மாசின்," என்றேன்.

"பண்டாய்," என்றாள். கெட்டிக்காரன் என்று அர்த்தம். எடை போட்டாள், இலையில் மடித்துக் கொடுத்தாள், அடுத்த ஆளைப் பார்த்தாள்.

மறுவாரம் மானிஸ் என்று மறுபடி சொல்லிப் பார்த்தேன். கருவாடு மீனாகுமா? கேலி செய்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, முகம் மாறாமல் "மாசின்" என்று திருத்திவிட்டு எடை போட்டாள். தம்பி என்றுகூடச் சொல்லவில்லை.

எனக்கு மலாய் சொல்லிக்கொடுத்த அந்த மனிதர் நல்லவர்தான். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.