நான் நடக்காத பாதைக்கு நான் சொன்ன வழி

கண்டக்டர் உத்தியோகம் என்பது நாளெல்லாம் ஊர் ஊராகப் போய், எந்த ஊரிலும் கால் வைக்காமல் திரும்பி வருவது. நின்றுகொண்டே பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு மேலே படியுங்கள், போதும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து வடக்குத்து, வடலூர் வழியாகக் குள்ளஞ்சாவடி போகும் பஸ்ஸில் இருந்தேன். டிரைவர் கலியமூர்த்தி அண்ணன். சொந்த மாமியார் கை காட்டி ஓடி வந்தாலும் ஒரு நிமிஷம் நிறுத்தாத மனுஷர்.

ஊரில்லாத ஸ்டாப்புக்கு ஐந்து டிக்கெட்

குள்ளஞ்சாவடிக்கு முன்னால் வேப்பமரத்து ஸ்டாப் என்று ஒன்று. மரம் உண்டு, ஸ்டாப் உண்டு, ஊர் கிடையாது. சுற்றிலும் முந்திரிக்காடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டவுன்ஷிப்பில் ஏறிய ஐந்து பேர், கேன்வாஸ் ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில் சகிதம், அந்த ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்டார்கள். "அங்க யாரு வூட்டுக்குப் போறீங்க?" என்றேன். "யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா நடக்கப் போறோம்" என்றார் அவர்களில் மூத்தவர் சிவசுப்பிரமணியன். டிராயிங் ஆபீசில் வேலை, நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை ஒரு புளியமரத்தடியில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை ஏரிக்கரை மேலே போய் அடுத்த ஸ்டாப்பான மதகடியில் ரோட்டைப் பிடிக்கும். இன்னொன்று பின்னால் சுற்றிக்கொண்டு இரண்டு பங்கு தூரம் போய், முந்தின ஸ்டாப்பான செங்கல் சூளையில் முடியும். இதெல்லாம் நான் நடந்து தெரிந்துகொண்டதா என்றால், ஒரு அடிகூட நடந்ததில்லை. முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகும் பெண்கள் பஸ்ஸில் கையைக் காட்டிச் சொன்னதுதான். அவர்கள் என்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், நான் அவர்களைப் பார்த்து நின்றிருப்பேன். அவர்கள் நீட்டிய வலது கை என் இடது பக்கம் இருக்கும். அது எனக்கு உறைக்கவே இல்லை. "புளியமரத்தாண்ட இடது கைப் பக்கம் திரும்புங்க, ஏரி வந்துடும்" என்று, நானே வெட்டிப் போட்ட பாதை மாதிரி அடித்துச் சொல்லிவிட்டேன்.

திரும்புகிற ட்ரிப்பில் மதகடியில் யாரும் இல்லை. வேப்பமரத்திலும் இல்லை. ஐந்து பேரும் சூளையில் நின்றார்கள், முழங்கால் வரை செம்மண். பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சிவசுப்பிரமணியன் ஏறி, மூச்சு வாங்கி, நிதானமாகச் சொன்னார்: "கண்டக்டர் சார், நீங்க சோறு திங்கிற கை எதுன்னு ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க, பாப்போம்."

அஞ்சலை கேட்ட கேள்வி

அதற்கப்புறமும் அவர்கள் வந்தார்கள். வாராவாரம் வந்தார்கள். காட்டு வேலைக்குப் போய்வரும் அஞ்சலை, மடியில் முந்திரிப்பழத்தோடு அவர்களையே பார்த்துக்கினு வருவாள். அவள் ஊருக்கு மெயின்ரோட்டிலிருந்து உள்ளே அரை மணி நேர நடை. ஒரு நாள் அவர்கள் இறங்கிப் போனதும் என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க கண்டக்டரே, எங்க ஊருக்கு பஸ்சு இல்லன்னு நாங்க நடக்கறோம். இவங்க பஸ்சு ஏறி வந்து நடக்கறாங்க. யாருக்குங்க புத்தி கொறச்சல்?"

கையை விடுங்க

சிவசுப்பிரமணியன் சொல்லிக் கேள்விப்பட்டு வந்தவர்தான் ஆரோக்கியசாமி. மைன்ஸில் மெஷின் ஆப்பரேட்டர். நல்ல ஆகிருதி. பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. கூட அவர் மனைவி ஸ்டெல்லா, கையில் ஒரு மடக்கு நாற்காலி. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் டவுன்ஷிப் ரோட்டில் நடந்தால் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் சைக்கிளை நிறுத்தி "இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லியே மனுஷருக்கு வெறுத்துப்போயிற்று. தெரிந்த முகம் இல்லாத இடமாக வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. கம்பெனி மெடிக்கல் ஒன்று வரப்போகிறது, அதில் நடந்து காட்ட வேண்டும் என்று ஸ்டெல்லா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நடந்துட்டா டூட்டி உண்டுண்ணே. இல்லன்னா வேலையும் போயிடும், குவார்ட்டர்ஸும் போயிடும். பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது." அன்றைக்கு வேப்பமரத்தில் இறங்கும்போது அவர் தோளைத் தாங்கிப் பிடித்தேன். ஒரு முறை முறைத்தார் பாருங்கள். "கையை விடுங்க. டிக்கெட் குடுக்கறதுதான் உங்க வேலை."

டயரில் காற்று

முதல் வாரம் பத்து முந்திரி மரம் வரை போனார். அப்புறம் கிணறு வரை. நாங்கள் குள்ளஞ்சாவடி போய், டீ குடித்து, திரும்பி வரும்போது வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மதகடியில் அவர் நிற்கிறாரா என்று நான் ஒவ்வொரு வாரமும் எட்டிப் பார்ப்பேன், இருக்க மாட்டார். மெடிக்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை எடுத்து வரவில்லை. "போன வாரம் புளியமரத்தைத் தொட்டுட்டுத் திரும்பினேன். இன்னிக்கு மதகடிக்கே வந்துடறேன். மரத்தாண்ட எந்தப் பக்கம்?" என்றார்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நாம் எப்போதும் தலைகீழாகச் சொல்கிற ஆள், அதனால் மாற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஏற்கெனவே வலது என்று திருத்தி வைத்துக்கொண்டதை மறுபடியும் திருத்தி, "இடது கைப் பக்கம்" என்றேன்.

திரும்பும்போது மதகடியில் ஆள் இல்லை. சரி, வேப்பமரத்தில் இருப்பார் என்று பார்த்தால் அங்கேயும் இல்லை. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வெயில் இறங்கிவிட்டது. காட்டுக்குள் விழுந்து கிடக்கிறாரோ என்று படியிலிருந்து பாதையை எட்டி எட்டிப் பார்த்தேன். நான் விசில் அடிக்காமல் நிற்பதைக் கலியமூர்த்தி அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். இறங்கி, "டயர்ல காத்து பாக்கணும்" என்று ஒவ்வொரு டயராக உதைத்துக்கினு சுற்றி வந்தார். முடித்துவிட்டு முதல் டயரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். பின்சீட்டில் இருந்த சேத்தியாத்தோப்பு வியாபாரி ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏங்க டிரைவரே, அந்த டயரு என்ன பாவம் பண்ணிச்சி?"

சூளை

அதற்குமேல் நிறுத்த வழியில்லை. விசில் கொடுத்தேன். பஸ் நகர்ந்த பிறகுதான் என் கைகள் இரண்டையும் நானே பார்த்தேன். இடது என்று சொல்லியிருக்கிறேன். அந்த மனுஷரை இரண்டு பங்கு தூரத்துக்கு அனுப்பியிருக்கிறேன். படியில் தொங்கிக்கொண்டு, கூட்டத்தையும் மறந்து, மாதாவையும் மாரியாத்தாவையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

சூளை ஸ்டாப்பில் ஆரோக்கியசாமி நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டுதான் இருந்தார். வேட்டி முழுக்கச் செம்மண். ஸ்டெல்லாதான் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டப் போய், நினைவு வந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன வெட்கம். பின்னால் ஏறிய ஸ்டெல்லா சொன்னார்: "உங்களைத் திட்டிக்கினே நடந்தாருண்ணே. நடுவுல ஒக்காரலாம்னா, ஒக்காந்தா கோவம் ஆறிடும்னு சொல்லிட்டாரு."

மெடிக்கல்

இரண்டு ஞாயிறு ஆளைக் காணவில்லை. மூன்றாவது ஞாயிறு டவுன்ஷிப்பில் ஏறினார், கையில் ஒரு பொட்டலம் ஜிலேபி. பாதியைக் கலியமூர்த்தி அண்ணனிடம் கொடுத்தார், மீதியை என்னிடம். மெஷினில் ஏற்ற மாட்டார்களாம், ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாம். வேலை வேலைதான். குவார்ட்டர்ஸ் இருக்கிறது, பெண் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம்.

மெடிக்கலில் என்ன கேட்டார்கள் என்றேன். டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்தபடி சொன்னார்: "எவ்ளோ தூரம் நடப்பீங்கன்னு டாக்டர் கேட்டாரு. கண்டக்டர் சரியா வழி சொன்னா மதகு வரைக்கும், தப்பா சொன்னா சூளை வரைக்கும்னு சொன்னேன்."

இத்தனை வருஷ சர்வீஸில் என்னிடம் வழி கேட்டவர்களில் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவர், நான் தப்பாக வழி சொன்ன அந்த ஒருத்தர்தான்.