படகிலிருந்து இறங்கிய மூக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். அரண்மனைச் சுவரோவியங்கள் அழகுதான். ஆனால் படகுத்துறையில் இறங்கியதுமே சாக்கடையும் சுக்கும் மிளகும் ஒன்றாக மூக்கில் ஏற, ஏன்தான் வந்தோமோ என்று எரிச்சலாக இருந்தது. தும்மிக்கொண்டே நடந்த என்னை, சுக்குக் கிடங்கு வாசலில் நின்ற ஒருவர் கூப்பிட்டார். வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய கைலி, புருவமெல்லாம் சுக்குத் தூசி.

"சாரே, இப்பத்தானே படகுலேருந்து இறங்கினீங்க? இதை ஒண்ணு மோந்து சொல்லுங்க. பூஞ்சை வாடை உண்டா?"

இரண்டு கைகளிலும் சுக்கு. இடக்கையில் இருந்ததில் லேசாக ஈர வாடை. சொன்னேன். அந்த மூட்டையைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார்.

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"இதுக்குள்ளேயே கிடக்கிற மூக்கு சாரே, செத்துப் போச்சு. வெளியூர் மூக்குதான் உள்ளதைச் சொல்லும்."

மறுநாளும் கூப்பிட்டார். மூன்றாம் நாள் நானாகவே போய் நின்றேன். என் முகத்தைச் சற்று உற்றுப் பார்த்தார்.

"இன்னிக்கு நீங்க தும்மலையே சாரே" என்றவர், படகிலிருந்து தும்மியபடி வந்த வேறொருவரைக் கைதட்டி அழைத்தார்.

அப்போதுதான் கவனித்தேன், சாக்கடை நாற்றமும் எனக்கு எட்டவில்லை. அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போய்விட்டதா, மூக்குத்தான் செத்துப்போனதா என்று இன்றுவரை தெரியவில்லை.