என் ஆம்ப்பில் நிறைவேறிய தீர்மானம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செயலாளர் மாமா இன்று காலை கதவைத் தட்டினார். என் எலெக்ட்ரிக் கிட்டார் சத்தத்தில் அவரால் பாராயணம் பண்ண முடியவில்லையாம்.

"வால்யூம் கம்மிதான் மாமா. கரகரன்னு கேக்கறதுக்கு இந்த கெய்ன்தான் காரணம்" என்று கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்பில் அந்தக் குமிழைக் குறைத்தேன்.

"பக்கத்துல இருக்கறது என்னது?"

"ரிவெர்ப். பெரிய மண்டபத்துல பேசற மாதிரி கேக்கும்."

மைக்கைச் செருகிக் கொடுத்தேன். "ஹலோ" என்றார். அந்த ஹலோ ஆயிரங்கால் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிதானமாக அடங்கியது. மாமாவின் முகமே மாறிவிட்டது. ரிவெர்பைத் தானே முழுசாகத் திருப்பி இன்னொரு ஹலோ சொன்னார்.

"சாயங்காலம் மீட்டிங். நான் பேசினா ஒருத்தரும் காது குடுக்கறதில்லை. இதை எடுத்துண்டு போகட்டுமா?"

பாவமாக இருந்தது. நானே மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய் வைத்தேன்.

மீட்டிங்கில் மாமா முழங்கினார்: "இனிமே ஃபிளாட்டுக்குள்ள எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கப்படாது!"

படாது... டாது... து...

எல்லோரும் கை தட்டினார்கள். அசந்துபோய் நானும் தட்டிவிட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஆம்ப் இனி அசோசியேஷனிலேயே இருக்கட்டும் என்கிறார் மாமா. ஆம்ப் இல்லாமல் ஹெட்ஃபோனில் வாசிக்க வழி தெரிந்தவர்கள், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.