சுருக்கி அனுப்பிய படம்

மரேவேயாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. அந்தத் தீவில் யாருக்குமே வராது. முகம் பார்த்து 'புபுசி' என்று ஒருவர் கேட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தவள் ஊரில் தலைகாட்ட முடியுமா? ஒன்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், அங்கிருந்த ஒரே செயற்கைக்கோள் இணைப்பின் கடவுச்சொல்லையும் அப்படித்தான் ஊருக்கே வாரிக் கொடுத்திருந்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேச, விடிந்ததுமே ஆஸ்பத்திரிச் சுவரோரம் கூட்டம் உட்கார்ந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கள் இறக்கப் போன பவுரோ தென்னையிலிருந்து விழுந்து மூச்சுத் திணறிக் கிடந்தான். தலைநகர் தராவாவிலிருக்கும் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொன்னால்தான் விமானத்தில் இடம். விமானமோ பதினோரு மணிக்குக் கிளம்பிவிடும். சுவரோரக் கூட்டம் இணைப்பை இழுத்துக்கொண்டிருந்ததில், முழுப் படம் ஆமையாக நகர்ந்தது. வெளியே போய்ப் பேச்சை நிறுத்தச் சொல்ல மரேவேயாவுக்கு வாய் வரவில்லை. படத்தை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி அனுப்பினாள்.

"வெறும் அடிதான். வலி மாத்திரை குடுங்க" என்று பதில் வந்தது. பவுரோவின் மனைவி தாபெத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

மரேவேயாவுக்கு மனசு கேட்கவில்லை. அசல் படத்தை மறுபடி பார்த்தாள். வலது பக்கம் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. அது சுருங்கிப்போன நுரையீரலின் ஓரம். அனுப்பிய படத்தில் அந்தக் கோடே இல்லை. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மணி பத்தே முக்கால்.

வெளியே பாய்ந்தாள். "எல்லாரும் போனை அணைங்க. பவுரோ படம் போகணும்."

மறுபேச்சில்லாமல் அணைத்தார்கள். "முன்னாடியே கேட்டா என்ன? வாயில கொழுக்கட்டையா?" என்றார் ஒரு கிழவர்.

அப்படியும் படம் இழுத்துக்கொண்டே போயிற்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு குரல்: "அப்பாவுக்கு ஒண்ணுமில்லடி. டாக்டரே சொல்லிட்டாரு..."

தாபெத்தாதான், மகளிடம் வீடியோவில். மரேவேயா போனைப் பிடுங்கி அணைத்தாள்.

படம் போய்ச் சேர்ந்தது. "நுரையீரல் சுருங்கியிருக்கு. உடனே விமானத்துல ஏத்துங்க" என்று டாக்டர் எழுதியபோது விமானம் கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ரேடியோவில் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து போக எரிபொருள் போதாது என்றான் விமானி. அடுத்த விமானம் வெள்ளிக்கிழமை.

"நான் பேசிட்டிருந்ததாலயா?" என்றாள் தாபெத்தா.

"இல்ல. படத்தைச் சுருக்கினது நான். அதனாலதான் அந்தப் பதில் வந்துச்சு."

தாபெத்தா தன் போனைத் திரும்ப வாங்கி மகளின் எண்ணைப் போட்டு, மரேவேயாவின் கையிலேயே திணித்தாள்.

"இப்ப அவகிட்ட நீ சொல்லு."