ஜெட்டுக்கும் எழும்பாத மூக்கன்

சூலூரில் எனக்குச் சொந்தமாகச் சில தறிகள் ஓடுகின்றன. அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் காலையில் குளத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதுதான். பக்கத்து விமானப்படைத் தளத்து ஜெட் அந்தக் குளத்துக்கு மேலேதான் போகும். போனால் நெஞ்சுக்கூடு அதிரும். ஆனாலும் குளிர்காலத்தில் அந்தக் கரையை விட்டு என்னைப் பிரிக்க முடியாது. எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்குகிற காலம். எது வந்தது, எங்கே நின்றது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் எனக்கு அன்றைக்குக் காப்பி இறங்கும்.

அந்த மார்கழியில் கருவால் மூக்கன்கள் கூட்டமாக வந்தன. நெட்டைக் காலும் அதைவிட நெட்டையான அலகுமாக, சேற்றில் குத்திக் குத்திப் புழு எடுக்கிற பறவை. பொங்கல் கழிந்ததும் கூட்டம் கிளம்பிவிட்டது. ஒன்று மட்டும் தங்கியது. வயிறு வரை தண்ணீரில், தினமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தினம் ஒரு படம் போட்டேன். தாராபுரத்து நண்பர் ஒருவர், "எங்க பக்கம் இருந்ததெல்லாம் போயிருச்சுங்க. உங்களுக்கு மட்டும் நிக்குதே, கொடுத்து வெச்சவங்க" என்று எழுதினார். ஏதோ நானே முட்டையிலிருந்து பொரித்து வளர்த்ததுபோல அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். எங்கள் குளத்துச் சேற்றுக்குத் தனி ருசி என்றுகூட ஒரு நாள் விளக்கம் எழுதினேன். அதற்கும் பத்துப் பேர் கைதட்டினார்கள்.

குழுவை நடத்துகிற பெண் ஒரு பல் டாக்டர். ஆர்.எஸ்.புரத்தில் கிளினிக் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். அவருக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பறவைக்குக் கிட்டே போகக் கூடாது. இன்னும் கொஞ்சம் நெருங்கி ஒரு படம் எடுக்கலாம் என்று நான் ஒருமுறை தண்ணீரில் இறங்கியபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "அண்ணா, அங்கயே நில்லுங்க. அது நம்மள நம்பி நிக்குதுங்க."

நான் கரையேறிவிட்டேன். நல்ல சட்டம்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு நாள் காலையில் ஜெட் ஒன்று மிகத் தாழ்ந்து போனது. குளத்திலிருந்த உள்ளான், நாரை, வாத்து எல்லாம் ஒரேயடியாக எழும்பின. மூக்கன் மட்டும் சில தடவை இறக்கையை அடித்துவிட்டு, பேசாமல் நின்றுகொண்டது. அதை வீடியோ எடுத்து, "இவன் சூலூர்க்காரன் ஆயிட்டானுங்க. ஜெட்டுக்கெல்லாம் அசைய மாட்டான்" என்று போட்டேன். குழு முழுக்கச் சிரிப்பு. சிலர் அதை ஸ்டேட்டஸாகவும் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறுக்குள் வயலுக்காக மதகைத் திறந்திருந்தார்கள். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வைத்தபடியே, "அண்ணா" என்றார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். மூக்கனின் ஒரு காலில் பச்சை நைலான் வலை சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. வலையின் மறுமுனை சேற்றில் கிடந்த சீமைக்கருவேல வேரில் சிக்கியிருந்தது. அந்த வேரைச் சுற்றிச் சேறு வட்டமாக மிதிபட்டுக் கிடந்தது, முளையில் கட்டிய கன்றுக்குட்டி சுற்றிய இடம் மாதிரி.

"கட்டிப் போட்டாப்பல இருக்குதுங்கண்ணா" என்றார் டாக்டர். "இத்தன நாளும் போக முடியாமத்தான் நின்னிருக்குது."

சட்டம் போட்டவரே முதலில் செருப்பை உதறிவிட்டுச் சேற்றில் இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன். நாங்கள் நெருங்க நெருங்க அது இறக்கையை அடித்தது. அந்த அடியை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று உடம்புக்குத் தெரிந்தது, மூளைக்கு எட்டவில்லை.

டாக்டர் துப்பட்டாவைப் போட்டு அதைப் பிடித்தார். "வெட்டறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்களே" என்றேன். சொல்லும்போதே என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. தறிக்காரன் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, நூல் வெட்டுகிற சின்னக் கத்திரி இருக்கும். தினமும் காலையில் அதுவும் என்னோடு குளத்துக்கு வந்து, கரையில் நின்று, வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. வெட்டி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் வேலை.

சதைக்குள் போயிருந்த நூலை டாக்டர் நிதானமாக உருவினார். மூக்கனின் கால்விரல்கள் கறுத்துப்போயிருந்தன. கையில் வாங்கினால், தறிக்கு நூல் சுற்றி வருகிற கோனில் பாதிக் கனம்கூட இல்லை. விட்டதும் ஒருமுறை சேற்றில் விழுந்தது. பிறகு எழும்பி, ஒரு கால் தொங்க, தென்னந்தோப்புக்கு மேலே போய் மறைந்தது.

"பொழச்சுக்குமுங்களா?"

"தெரியலீங்கண்ணா" என்றார்.

கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. யாரோ என் வீடியோவை மறுபடி எடுத்துப் போட்டு, "ஏனுங்க, நம்ம சூலூர்க்காரன் இன்னைக்கும் இருக்கானுங்களா?" என்று கேட்டிருந்தார். ஈரக் கையோடு அதை ஓட விட்டேன். ஒவ்வொரு தடவை எழும்பப் பார்க்கும்போதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுபட்டது. நன்றாகத் தெரிந்தது. மறைவாக எதுவுமே இல்லை. குழுவில் அத்தனை பேரும் பார்த்தோம். வீடியோவின் கடைசியில் நான் சிரிப்பது கேட்டது.

"இல்லைங்க. வலைய அறுத்து விட்டாச்சு" என்று மட்டும் எழுதினேன்.

இப்போதும் ஜெட் போகிறது, குளமே எழும்புகிறது. எழும்புகிறவற்றை நான் பார்ப்பதில்லை. எது எழும்பவில்லை என்றுதான் தேடுகிறேன்.