திரையோரத்தில் பாதிக் கை

பொன்னுரங்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் படகில் ஏறினால் வாந்தி எடுப்பான். அதனால் கடலை விட்டுவிட்டுக் கம்பம் ஏற வந்துவிட்டான். இருபத்தாறு வருஷமாக எங்கள் கேபிள் ஆபீசில் லைன்மேன். காசிமேட்டுச் சந்துகளில் எந்த ஒயர் எந்த வீட்டுக்குப் போகிறது என்பது அவனுக்கு மனப்பாடம். நான் அதே ஆபீசில் போன் எடுத்துத் திட்டு வாங்குகிறவன். அவன் செய்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் எச்டி பெட்டி கொடுக்க ஆரம்பித்தபோது பாதி வீடுகளில் முதுகு பெருத்த பழைய டிவிதான் இருந்தது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று பின்னைச் சொருகினால் எச்டி சேனல் அதிலும் வரும். ஆனால் எச்டி படம் அகலம், பழைய டிவி கிட்டத்தட்டச் சதுரம். முழுப் படமும் தெரிய வேண்டுமானால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும். "பாதி டிவிய எவன்யா முழுங்கினது?" என்று விடிந்ததிலிருந்து போன் வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் பொன்னுரங்கத்திடம், "எல்லார் வூட்லயும் ஜூம் போட்டு வுட்டுடு மாமு, பேஜாரா கீது" என்றேன்.

ஜூம் போட்டால் கறுப்புப் பட்டை போய்விடும், படம் திரையை நிறைக்கும். ஆனால் இரண்டு பக்க ஓரமும் வெட்டுப்படும். கிரிக்கெட்டில் ஸ்கோரின் முதல் எண் காணாமல் போகும், சீரியலில் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்கும் மாமியார் காணாமல் போவாள். ஒருவரும் போன் செய்யவில்லை. திரை நிறைந்தால் போதும், ஜனங்களுக்கு மனசும் நிறைந்துவிடுகிறது.

பொன்னுரங்கம் தன் வீட்டிலும் அதையே செய்தான். வீட்டில் அவனும் மனைவி செல்லம்மாவும் மட்டும்தான். செல்லம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. விடியலில் ஏலத்தில் மீன் எடுத்து டோல்கேட் மார்க்கெட்டில் விற்பாள். விலையை விரலில் காட்டுவாள், பேரம் பேசுகிறவர்களைப் பார்வையாலேயே வாயடைப்பாள். சிறுவயதில் மூன்று வருஷம் காது கேளாதோர் பள்ளி விடுதியில் இருந்தவள். எழுத்து ஒட்டவில்லை, கைப்பேச்சு ஒட்டிக்கொண்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பேச ஆள் இல்லை. பொன்னுரங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் சோறு, மீன், வா, போ, எங்கே, யார் என்று ஒரு முப்பது சைகை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் அதிலேயே ஓடிவிட்டது.

மத்தியானம் ஒரு மணிக்கு செல்லம்மா ஒரு செய்திச் சேனலைப் போடுவாள். ஸ்டூலை டிவியின் வலது ஓரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து ஓரத்தையே பார்ப்பாள். அந்த ஓரத்தில் பாதிக் கை ஒன்று வரும், போகும். முகம் கிடையாது, உடம்பு கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூம் போட்ட புதிதில், அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அந்த ஓரத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். சிக்னல் கோளாறு என்று நினைத்து அவன் பின்னை ஆட்டிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். மறுநாளும் இழுத்தாள். மூன்றாம் நாள் அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஆளை விடு என்று ஒரு கும்பிடு போட்டு, ஸ்டூலைத் தூக்கி நடுவில் வைத்தான். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை. ஸ்டூலை மட்டும் தினமும் ஓரத்துக்கு இழுத்துக்கொள்வாள்.

"டிவிக்குப் பின்னால எவனாவது ஒளிஞ்சிகினு கீறானான்னு பாக்குது மாமு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன ஆடி மாதம் ராயபுரத்தில் ஜஹானாரா என்ற வாடிக்கையாளர் வீட்டில் சுவரில் மாட்டுகிற அகலமான புது டிவி வாங்கினார்கள். பெட்டியை அதில் இணைக்க மத்தியானம் பொன்னுரங்கம் போனான். ஒரு மணி தாண்டியதும் அவனிடமிருந்து எனக்குப் போன் வந்தது. மூச்சு வாங்கியது.

"மாமு, அந்தக் கை..."

"எந்தக் கைபா?"

"செல்லம்மா பாக்குமே, அந்தக் கை. அதுக்கு ஆள் கீது மாமு. மொகம் கீது. ஒரு பொம்பள நின்னுகினு, செய்தி மொத்தத்தையும் ரெண்டு கையால சொல்லிகினு கீது."

"இன்னா அண்ணே, டிவி ரிப்பேரா?" என்று ஜஹானாரா கேட்பது போனிலேயே எனக்குக் கேட்டது.

"டிவி நல்லா கீதுமா. நாந்தான்..." என்றவன் முடிக்காமல் போனை வைத்துவிட்டான். எத்தனை வீட்டுக்கு அந்த ஜூமைப் போடச் சொன்னேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

திருப்புளியைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். செய்தி இன்னும் முடியவில்லை. செல்லம்மா ஓரத்தில் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் ரிமோட்டை எடுத்து ஜூமை எடுத்தான். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழுந்தது. வலது மூலையில், கட்டைவிரல் அளவுக்கு, அந்தப் பெண் முழுதாக வந்து நின்றாள்.

செல்லம்மா எழுந்து டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் கைகள் தாமாக அசைய ஆரம்பித்தன. பிறகு வேகம் பிடித்தன. விரல், மணிக்கட்டு, புருவம் எல்லாம் பேசின. அந்தக் கைகள் அப்படிப் போய் அவன் பார்த்ததே இல்லை. மறுநாள் என்னிடம் சொன்னான்: "அதுக்கு அவ்ளோ பேச்சு கீதுன்னு எனக்குத் தெரியாது மாமு."

செய்தி முடிந்ததும் அவள் திரும்பினாள். ஓரத்தைக் காட்டி, 'யார்?' என்று கையை விரித்தாள். யார் இதை மறைத்தது என்று கேட்கிறாள். அந்தச் சைகை அவனுக்குத் தெரியும். கம்பெனி மேல் பழி போட்டிருக்கலாம், என் மேல் போட்டிருக்கலாம். அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு கையால் நீளமாக என்னவோ சொன்னாள். திட்டினாளா, அழுதாளா, பரவாயில்லை என்றாளா, அவனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. சொல்லி முடித்துவிட்டுச் சோறு போடப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், "காது கேக்காதவங்க யார்னா கீறாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரிமோட்டைத் தொடுகிறான். ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் வீட்டுக்கு ஓடிவிடுகிறான். ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து திரை மூலையில் நிற்கும் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்து வார்த்தை பொறுக்குகிறான்.

"மழ, மந்திரி, வெல, சாவு எல்லாம் கத்துகினேன் மாமு" என்றான் நேற்று. "மன்னிச்சுக்கோன்றது மட்டும் நியூஸ்ல வரவே மாட்டேங்குது."

"செல்லம்மாவாண்டயே கேளேன்" என்றேன்.

"இன்னான்னு கேக்கறது? அத்தக் கேக்கறதுக்கே அந்த வார்த்த வேணுமே."