கோட்டைக்காரனுக்கு வைத்த சோறு

“…பாதி சோத்த மூலைல வெச்சுட்டு வருதுக்கா. கேட்டா, கோட்டைக்காரனுக்காம்” என்றாள் அவள், மகளின் புத்தகப் பையை என்னிடம் நீட்டியபடி.

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவரை ஒட்டிய தெருதான் எங்கள் கடைசி நிறுத்தம். படியில் ஒரு பிள்ளையின் கால் எப்படி விழுகிறது என்பதை வைத்தே, காலையில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன். எங்கும் படித்ததில்லை, பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பிடித்து வந்தது. அம்மாக்கள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்வதையெல்லாம் சேர்த்து வைப்பேன். “கோவம் வந்தா வாய்ல தண்ணி வெச்சுக்கோ, முழுங்கறதுக்குள்ள பாதி பூடும்” என்று ஒருத்தி சொன்னதை இன்றைக்கும் என் வீட்டில் செய்கிறேன்.

இவள் சொன்னதற்கு என் வாயில் வந்தது ஒரு பழமொழி. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்மா.”

“இருட்டு எங்கக்கா கீது? மத்தியானம் ரெண்டு மணிக்கு வெக்கிது.”

டிரைவர் ஹாரன் அடித்து, “இன்னாக்கா, மாநாடா?” என்றார். அவள் கதவை விடவில்லை.

கோட்டைக்காரனை உண்டாக்கியதே அவள்தான். மகள் சாப்பிட அடம்பிடித்தால், “துன்னலன்னா கோட்டைக்காரன் வந்து புடிச்சுக்கினு பூடுவான்” என்பாள். மதியத்தோடு பள்ளி விட்டு வீடு திரும்பிவிடும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதலில் பயந்தது. இப்போது பயப்படுவது அம்மா. கணவருக்கு மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. மகளோடு தனியாக வீட்டில் இருக்கவே உடம்பு கூசுகிறது என்றாள்.

“ஞாயித்துக்கெழம திருக்கழுக்குன்றத்துல எங்கம்மா வூட்ல வுட்டுடப் போறேன். அங்கயே ஸ்கூல் சேத்துடறேன். பெத்த புள்ளய பாத்து பயப்படறவ இன்னா அம்மாக்கா?”

சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெருவில் நாய்கூட இல்லாத வெயில். கடல் இரண்டு தெரு தள்ளித்தான். வாசல்வரை என் கூடவே வந்த அலைச் சத்தம் வீட்டுக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டது. கதவோரம் மகளின் துணிகளைத் திணித்து வைத்த பை. அம்மாவும் மகளும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டை நெருங்கியபோது மகள் எழுந்தாள். ரசம் சாதத்தில் ஒரு கை அள்ளி, சிந்தாமல் நடந்து, சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மூலையில் வைத்தாள். பிறகு சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

“யாருக்கும்மா அது?” என்றேன்.

“மெதுவா பேசு ஆயா. இப்பதான் தூங்கறான்.”

நானும் குரலைத் தாழ்த்தினேன். “உனக்குப் பயமா இல்லியா?”

“அவன் பாவம். டெய்லி அழுவான். சமையலறைல குழாய் தொறந்தா கேக்கும். குழாய மூடினா நிறுத்திப்பான்.”

தட்டில் பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் விரல்கள் நின்றன.

“அவனுக்கு எதுக்கு நம்ம சோறு?” என்றேன்.

“அன்னிக்கி நான் துன்னல ஆயா. அதான் பாப்பாவ புடிச்சுக்கினு பூட்டான். தெனம் குடுத்தா திருப்பிக் குடுத்துடுவான்.” ஏதோ சுற்றுலாவுக்குப் போகிற மாதிரி, பையைக் காட்டி அவளே சொன்னாள்: “நாளைக்கி என்னியும் அனுப்பறாங்க. நான் போய் பாப்பாவ பாத்துடுவேன்.”

அவள் அம்மா வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த கரு கோடையில் கலைந்துபோனது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு வந்தவளிடம், “வுடும்மா, அடுத்தது தங்கும்” என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வயிற்றில் காது வைத்துப் பாப்பாவோடு பேசிக்கொண்டிருந்த இந்தப் பிள்ளையிடம், பாப்பா எங்கே என்று எவரும் சொல்லவில்லை.

அப்போது சமையலறைக் குழாய் தானாக ஒருமுறை செருமி, தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அதற்கு அடியில் எனக்கும் அழுகை மாதிரி ஏதோ கேட்டது. அம்மா என் முழங்கையை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள், உதடு மூடியிருந்தது. அது என்ன சத்தம் என்று இன்றைக்கும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

“பாத்தியா ஆயா, எழுந்துட்டான்” என்று மகள் கிசுகிசுத்தாள்.

“அவன் இல்லடி” என்றாள் அம்மா. குரல் பாதியில் உடைந்தது. “கோட்டைக்காரன்னு யாருமே இல்ல. நான் சொன்ன பொய்யி. கொழாய தொறந்து வுட்டுக்கினு அங்க நின்னு அழுதது நானு.”

மகள் அம்மாவைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

“நீயா? ஏன்?”

“ஒண்ணுமில்…” என்று வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. அவள் அதை முடிக்கவில்லை. எழுந்து சமையலறைப் பக்கம் போகவும் இல்லை. மகளை இழுத்து மடியில் உட்காரவைத்து, பருக்கை ஒட்டியிருந்த அந்தச் சின்னக் கையைத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, எங்கள் இருவர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.